பச்சை என்றால் பத்திரம்

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு பேரிங் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த ககனதிருஷ்டி ஜியோ சொல்யூஷன்ஸ் அலுவலகத்தில் மண்ணைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், ஆள் நீளத்துக்குப் படம் அச்சடிக்கும் ஒரு மெஷின், சுவர் முழுக்கக் கர்நாடகத்தின் செயற்கைக்கோள் படம், முதலாளி சீனிவாசராகவன் அறையில் மட்டும் ஏசி. வாசலில் வைத்திருந்த மணிபிளாண்ட்கூட பாட்டில் தண்ணீரில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. இவர்கள் செய்த தொழில், மண்ணரிப்பை அளப்பது.

எப்படி அளப்பீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் சிவசங்கரன் குஷியாகிவிடுவான். திருப்பத்தூரிலிருந்து வந்து ஒன்பது வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். அவனிடம் கேள்வி கேட்க ஆள் கிடைப்பதே அபூர்வம். எவ்வளவு மழை பெய்கிறது, மண் என்ன வகை, சரிவு எவ்வளவு, மேலே செடிகொடி எவ்வளவு மூடியிருக்கிறது, வரப்பு கிரப்பு ஏதாவது போட்டு வைத்திருக்கிறார்களா என்று ஐந்து விஷயங்கள். ஐந்துக்கும் ஐந்து எண். எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு ஹெக்டேரிலிருந்து வருஷத்துக்கு எத்தனை டன் மண் அடித்துக்கொண்டு போகிறது என்று வந்துவிடும். நிலத்தைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் தீட்டிவிடலாம். மண் போனால் சிவப்பு, போகாவிட்டால் பச்சை, இரண்டுங்கெட்டான் என்றால் மஞ்சள். இத்தனையிலும் செருப்பில் சேறு ஒட்டவேண்டிய அவசியம் ஓர் இடத்தில்கூட வராது.

அந்தச் செடிகொடி எண்ணைத்தான் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்கவேண்டும். அதற்குப் படம் தெளிவாக இருக்கவேண்டும். மழை மாதங்களில் பெங்களூருக்கு மேலே மேகம் வந்து குந்திக்கொண்டால் எழுந்திருக்காது. ஆகையால், மழை அடித்துக்கொண்டு போகிற மண்ணை, மழையே இல்லாத டிசம்பர் மாதத்துப் படத்தை வைத்துக் கணக்கிடுவது என்பது இந்தத் தொழிலில் பலரும் கேள்வி கேட்காமல் செய்துவந்த ஏற்பாடு. சிவசங்கரனும் அப்படியே செய்தான். ஒரு பொட்டு மேகம் இல்லாத டிசம்பர் படம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். “சூப்பர்ப்பா, கண்ணாடி மாதிரின்னா இருக்கு!” என்று சீனிவாசராகவன் தோளில் தட்டினார். ஐப்பசி மழையை வயிறு முட்டக் குடித்துவிட்டு ஊரே பச்சைப்பசேல் என்று நின்ற சமயத்தில் எடுத்த படம் அது.

மாவட்டத்தில் ஒரு மண் பாதுகாப்புத் திட்டம் வந்திருந்தது. எங்கெல்லாம் சிவப்போ அங்கெல்லாம் கோடை மழைக்கு முன்னால் தடுப்புச் சுவர், வடிகால், மண்ணைப் பிடித்து நிறுத்தும் பள்ளம். எது சிவப்பு என்று சொல்வதும், வருஷா வருஷம் அதே டிசம்பரில் இன்னொரு படத்தை எடுத்து, சிவப்பு குறைந்ததா என்று கண்காணித்துச் சொல்வதும் ககனதிருஷ்டியின் வேலை.

படம் சரிதானா என்று சோதிக்கவும் முறை உண்டு. இருநூறு இடங்களைப் பொறுக்கி, நேரில் போய்ப் பார்த்து ஒப்பிடவேண்டும். இருநூறு இடங்களுக்கு யார் போவது? ஆகவே இன்னும் கொஞ்சம் துல்லியமான வேறொரு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒப்பிட்டார்கள். படம் சரியா என்று படத்தையே கேட்டார்கள். சரிதான் என்று படம் சொன்னது. தொண்ணூற்று நான்கு சதவீதம் துல்லியம் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டார்கள்.

ஜனவரியில் ஒருநாள் காலை, இந்தத் தொண்ணூற்று நான்கு சதவீதத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு சிவசங்கரன் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, வள்ளியம்மா மாப்பும் பக்கெட்டுமாக அவன் மேஜைக்கு வந்தாள். அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள். ஐம்பதை நெருங்கியவள், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து, புருஷன் போன பிறகும் இங்கேயே நிலைத்துவிட்டவள்.

“காலத் தூக்குங்க சார்,” என்றவள் திரையைப் பார்த்து நின்றாள். “இன்னா சார் இது, கோலப்பொடியக் கொட்டி வச்சாப்ல?”

“நம்ம ஏரியா மேப்புக்கா. எங்கெங்க மண்ணு அடிச்சிக்கிட்டுப் போவுதுன்னு காட்டும்.”

“எங்க வூடு இருக்குதா இதுல?”

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “எங்க இருக்கு உங்க வீடு?”

“கல்லுகுட்டெக்கு இந்தாண்ட சார். குட்டெ மேல நீலகிரி தோப்பு இருக்குதில்ல, அதுக்குக் கீழ லைன் வூடுங்க.”

நம் பக்கத்தில் தைலமரம் என்பதை இங்கே நீலகிரி என்பார்கள், குன்றைக் குட்டெ என்பார்கள். சிவசங்கரன் அந்தக் குன்றைப் பெரிதாக்கிக் காட்டினான். உச்சியிலிருந்து அடிவாரம்வரை கரும்பச்சை. ஒரு மஞ்சள்கூட இல்லை.

“பாருங்க, முழுக்கப் பச்சை. உங்களுக்கு ஒரு பயமும் இல்லக்கா. பச்சைன்னா பத்திரம்.”

வள்ளியம்மா மாப்புக் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “அப்படியா சார். அப்போ மே மாசம் மே மாசம் எங்க வூட்டுக்குள்ள வந்து குந்திக்குதே மண்ணு, அது யாரு வூட்டு மண்ணு?”

அவளே சொன்னாள். கோடையின் முதல் மழைக்குக் குன்றிலிருந்து செம்மண் குழம்பாக இறங்கும். பக்கத்துச் சந்தில் சுற்றி வாசல் வழியாக வீட்டுக்குள் வரும். தட்டால் வாரி வாரிக் கொட்டுவார்கள். பத்து வருஷமாக வீட்டுக்குப் பின்னால் மண் ஏறி ஏறி, இப்போது ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. போன வருஷத்திலிருந்து பின்சுவர் உள்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. பஞ்சாயத்தில் போய்க் கேட்டதற்கு, மேப்பில் சிவப்பு வந்தால் தடுப்புச் சுவர் வரும், போம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“அந்த மேப்பு இதுதானா சார்?”

“இதுதான்.”

“நீங்கதான் போடுறீங்களா?”

“நான்தான்.”

அதற்கு முன் யாரும் பார்க்காத ஒரு மரியாதையோடு வள்ளியம்மா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவே இல்லை.

அவள் போன பிறகு, அந்தக் குன்றைச் சுற்றி எங்கேதான் சிவப்பு இருக்கிறது என்று தேடினான். குன்றின் மறுபக்கம் இருந்தது, ரத்தச் சிவப்பாக. புல்டோசர் விட்டு மரம் மட்டையெல்லாம் வழித்தெடுத்த ஒரு லேஅவுட். ஹில்வியூ மெடோஸ் என்று பெயர். வீடு ஒன்றுகூட இன்னும் வரவில்லை. ஓர் அலங்கார வளைவும் இரண்டு சிமெண்ட் அன்னப்பறவைகளும் மட்டும் வந்திருந்தன. மேலேயிருந்து பார்த்தால் வெறும் மண், சரிவு வேறு, செயற்கைக்கோள் பதறிப்போயிருந்தது.

“ஒரு தரம் வந்து பாருங்க சார்,” என்று வள்ளியம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவன் இரண்டு வாரம் சாக்குச் சொன்னான். வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்றான், ரிப்போர்ட் முடியட்டும் என்றான். மூன்றாவது சனிக்கிழமை சாக்குத் தீர்ந்துபோய்க் கிளம்பினான். அலுவலகத்திலிருந்து எட்டே கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதில் பாதி சந்தாபுரா சிக்னலில் போனது. எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவன் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த குன்று அது.

தோப்புக்குள் நுழைந்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேலே அண்ணாந்து பார்த்தால் வானமே தெரியாத அளவுக்குப் பச்சை. கீழே ஒரு புல் கிடையாது. இந்த மரம் தன் காலடியில் வேறொன்றையும் லேசில் வாழவிடுவதில்லை. தப்பித்தவறி உதிர்கிற இலையையும் சுள்ளியையும் அடுப்புக்கு ஆட்கள் வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள். மொட்டைத் தரையில் மழைநீர் அறுத்த வாய்க்கால்கள் மேலிருந்து கீழாக ஓடின. சில வாய்க்காலில் அவன் முழங்கால்வரை இறங்கியது. குடையை மேலேயிருந்து பார்த்துவிட்டு, கீழே நிற்கிறவன் நனையவில்லை என்று எழுதிக்கொடுத்தது போலத்தான் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறான்.

மரங்களின் வேர்கள் தரைக்கு மேலே விரல் விரித்து நின்றன. நட்டபோது மண் இருந்த மட்டத்துக்கும் இப்போது இருக்கும் மட்டத்துக்கும் நடுவே எவ்வளவு என்று கையை வைத்து அளந்தான். ஒரு சாணும் நாலு விரலும்.

“எப்போ நட்டது இது?”

“எம் பொண்ணு ராதா ஒண்ணாங்கிளாசு சேந்த வருஷம் சார். இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ அவ கார்மெண்ட்ஸ்ல லைன் சூப்பர்வைசரு.”

ஐந்து எண்களைப் பெருக்காமல், செயற்கைக்கோளைத் தொந்தரவு செய்யாமல், ஒரு கையாலும் ஒரு பொம்பளையின் ஞாபகத்தாலும் கணக்கு முடிந்துவிட்டது. அவன் படத்தில் இங்கே வருஷத்துக்கு ஹெக்டேருக்கு இரண்டு டன். குன்று சொன்னது அதைப்போல எழுபது எண்பது மடங்கு. சிவசங்கரனுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் பின்சுவரை ஒட்டிக் கட்டிலையும் அரிசி டிரம்மையும் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். சுவர் நடுவில் ஓர் அடி உள்ளே தள்ளியிருந்தது. கை வைத்துப் பார்த்தான். சில்லென்று ஈரமாக இருந்தது. வள்ளியம்மா டீ கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“சார், ஒரே ஒரு தரம் செவப்புன்னு போட்டுடுங்க. சொவரு கட்டி முடிச்சப்புறம் வேணும்னா பச்சை ஆக்கிக்கங்க.”

“அப்படியெல்லாம் கையால மாத்தக்கூடாதுக்கா. தப்பு அது.”

“இப்போ இருக்கிறது தப்பில்லயா?”

டீ நன்றாகத்தான் இருந்தது. அவனால் குடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை சீனிவாசராகவன் அறைக்குப் போனான். அவருடைய அப்பா விதானசௌதாவில் ஃபைல் தள்ளியவர். இவரும் இருபது வருஷம் மாநில அரசில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தவர். அவர் அரசாங்கத்தை விட்டு வந்துவிட்டாரே தவிர அரசாங்கம் அவரை விட்டுப் போகவில்லை. எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும், அதை எந்தப் பக்கத்தில் வைத்து மூடலாம் என்றுதான் முதலில் யோசிப்பார்.

சிவசங்கரன் எல்லாவற்றையும் சொன்னான். போட்டோ காட்டினான். தைலத் தோப்புகளை மட்டும் தனியாகப் பிரித்து வேறு எண் கொடுக்க இரண்டு வாரம் போதும் என்றான்.

“கொடுத்தா என்ன ஆகும்?”

“பச்சைல மூணுல ஒரு பங்கு சிவப்பாயிடும் சார்.”

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாருப்பா, நாம முதல்லயே தொண்ணூத்தி நாலு பர்சென்ட்னு சொல்லியாச்சு. இப்போ போய் தப்புன்னு சொன்னா, இத்தனை நாள் என்னத்தப் பண்ணிண்டிருந்தேன்னு டிபார்ட்மெண்ட்காரன் கேக்க மாட்டானா? அந்தப் பக்கம் மட்டும் மாத்தவும் முடியாது, மாவட்டத்துல இருக்கிற பதினோரு வாட்டர்ஷெட்டும் மாத்தணும். நீ சொல்றது நியாயம்தான், நான் இல்லேங்கல. ஆனா சும்னே தலெ கெடிஸ்கோபேடா. லிமிடேஷன்ஸ்ல ஒரு பாரா போட்டுடு. லவினாகிட்ட சொல்லு, அழகா எழுதுவா.”

மண்டையைக் குடைந்துகொள்ளாதே என்று கன்னடத்தில் அவர் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

லவினா, பெங்களூர் காக்ஸ் டவுன்காரி. அறிக்கைகளுக்கு இங்கிலீஷ் எழுதுவது அவள் வேலை. அதிலும், இந்த ஆய்வின் குறைபாடுகள் என்று கடைசியில் வரும் பகுதியை எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டு வாசித்துக் காட்டினாள். சில குறிப்பிட்ட மரவகைகளின் கீழ் உண்மையான அரிப்பு அளவு மாறுபடக்கூடும் என்று இருந்தது.

“மாறுபடக்கூடும்னா? ஜாஸ்தியா, கம்மியா?”

“ரெண்டும்தான் மேன். அதுதானே இதோட பியூட்டி.”

“லவினா, அங்க ஒரு சொவரு விழப்போவுது. ஒரு அம்மா கட்டிலை முட்டுக் கொடுத்துத் தூங்கிட்டிருக்காங்க. நம்ம வள்ளியக்கா.”

லவினா திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு ஏதோ தட்டினாள். “கணிசமாகன்னு ஒரு வார்த்தை சேத்திருக்கேன். கணிசமாக மாறுபடக்கூடும். சார் இதைக்கூட அடிச்சிடுவார்னு நினைக்கிறேன். என்னால முடிஞ்சது இவ்வளவுதான், சிவா.”

சார் அடிக்கவில்லை. அறிக்கை நூற்றைம்பது பக்கம், அந்தப் பாரா நூற்று நாற்பத்து மூன்றாவது பக்கம். அங்கேயெல்லாம் அவர் போவதில்லை.

மார்ச்சில், திட்டத்தை நடத்தும் துறையின் மீட்டிங் ஹாலில் இறுதிக் கூட்டம் நடந்தது. ஏலக்காய் டீ, குட் டே பிஸ்கெட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சீனிவாசராகவன் முக்கால் மணி நேரம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசினார். மேஜைத் தலைப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். மொத்தத்தில் பச்சைதானே ஜாஸ்தி? ஆமாம் என்றார் சீனிவாசராகவன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

சிவசங்கரன் எழுந்து நின்றான். எழுந்து நிற்பான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. “சார், ஈ மேப் தப்பு,” என்றான். “நானே மாடித்து.” இந்தப் படம் தப்பு, போட்டவன் நானே என்று ஒன்பது வருஷத்துக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, தோப்பையும் வேரையும் வள்ளியம்மாவின் சுவரையும் சொன்னான். சீனிவாசராகவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி கோபப்படவில்லை. கெட்டிக்கார மனிதர், அறிக்கையைப் பின்னாலிருந்து புரட்டினார். நூற்று நாற்பத்து மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தார். “இதோ போட்டிருக்கீங்களே,” என்றார் மகிழ்ச்சியாக. “கணிசமாக மாறுபடக்கூடும். நீங்க இப்போ சொன்னதுதான் இது. எந்தக் கம்பெனி தன் குறையைத் தானே எழுதிக் கொடுக்கும்? உங்க ஆளுங்க ரொம்ப ஹானஸ்ட், சீனிவாசராகவன்.” எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டார். சிவசங்கரன் சொன்ன உண்மை ஏற்கெனவே ஃபைலில் இருந்ததால் அதற்கு மேல் அதை வைத்து யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை.

ஏப்ரலில் சுவர் வந்தது. குன்றின் மறுபக்கத்தில் ஹில்வியூ மெடோஸைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு, கருங்கல்லில், வடிகால் துளைகளோடு, பார்க்க லட்சணமாக எழும்பியது. அரசு கட்டிக்கொடுத்த தடுப்புச் சுவருடன் கூடிய மனைகள் என்று ஓசூர் ரோட்டில் போர்டு வைத்தார்கள். சிமெண்ட் அன்னங்களுக்கு இனி ஒரு குறையும் இல்லை.

மே இரண்டாவது வாரம், மத்தியானம் மூன்றரை மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. ஆலங்கட்டி ஜன்னலில் பட்டுத் தெறித்தது. ஒன்றேகால் மணி நேரம் அடித்து ஓய்ந்தது. வள்ளியம்மா பாத்ரூமில் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. பேசிவிட்டு, பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சிவசங்கரனிடம் வந்தாள்.

“சொவரு உள்ள வந்துட்டுதாம் சார்,” என்றாள்.

அவளைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு போனான். ஓசூர் ரோட்டில் தண்ணீர் சைலன்சர்வரை ஏறியது.

வீட்டில் மண் நெஞ்சளவுக்கு நின்றது. பின்சுவர் முழுதாகக் கட்டில் மேல் படுத்திருந்தது. கூரைத் தகடு ஒரு பக்கம் தொங்கியது. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம் என்பதால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “ஞாயித்துக்கெழமையா இருந்திருந்தா ராதா இதுலதான் படுத்திருப்பா,” என்றாள் வள்ளியம்மா, யாரிடமும் இல்லாமல். பிறகுதான் அழுதாள். மேலே தோப்பு மழையில் குளித்து இலை இலையாகப் பளபளத்தது. அதற்குமேல் ஒரு பச்சையை எந்தச் செயற்கைக்கோளும் பார்த்திருக்காது. சிவசங்கரனுக்கு யாரையாவது பிடித்து அறையவேண்டும்போல் இருந்தது. அறையவேண்டிய ஆள் அந்த இடத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான்.

வள்ளியம்மாவும் ராதாவும் ஒக்கலிபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போனார்கள். இடம் அவள் பேரில்தான் இருந்தது, அரசாங்கமே கொடுத்த ஹக்குபத்திரம், நம் ஊர்ப் பட்டா மாதிரி, இருந்தது. ஆனால் குன்றுப் பக்கம் தடுப்புச் சுவர் இல்லாமல் அந்த இடத்தில் மறுபடி வீடு கட்ட அனுமதிக்க முடியாது என்று பஞ்சாயத்து இன்ஜினியர் சொல்லிவிட்டார். சுவருக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, மேப்பில் சிவப்பு வரட்டும் என்றார். வள்ளியம்மா தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தாள். ஏதாவது கேட்டிருக்கலாம், திட்டியாவது இருக்கலாம். காலைத் தூக்குங்க சார் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் வந்தது. அதே தேதி, அதே செயற்கைக்கோள், அதே பெருக்கல். தைலத் தோப்புக்கு வேறு எண் போடுகிறேன் என்று சிவசங்கரன் மறுபடி கேட்டதற்கு, “முறையை மாத்தினா போன வருஷத்தோட எப்படிப்பா ஒப்பிடறது? கண்காணிப்புன்னா முறை மாறக்கூடாது,” என்றார் சீனிவாசராகவன். விஞ்ஞானப்படி அது சரியான பதில்தான். தப்பையும் மாற்றாமல் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

கணக்கு ஓடி முடிந்து படம் விரிந்தது. ஹில்வியூ மெடோஸ் சுவருக்குள் புல்தரை போட்டிருந்ததால் பச்சையாகிவிட்டது. குன்று வழக்கம்போலக் கரும்பச்சை. ஆனால் அடிவாரத்தில், பச்சைக்கு நடுவே, ஒரே ஒரு சிவப்புக் கட்டம். சிவசங்கரனுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. வீடாக இருந்தவரை அது கட்டடம். கட்டடத்தில் மண்ணரிப்பு பூஜ்யம் என்பது விதி, அதனால் பச்சை. இப்போது கூரை போய்ச் சுவர் போய் வெறும் மண்மேடாகிவிட்டதால் செயற்கைக்கோளின் கண்ணில் பட்டுவிட்டது.

படத்தை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சுத்தம் செய்வார்கள். சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தால் அது தூசி, மெஷின் பிசகு என்று எடுத்துக்கொண்டு, சுற்றியிருப்பதன் நிறத்தையே அதற்கும் தீட்டிவிடுவார்கள். ஒரு பட்டன் போதும். ஒன்பது வருஷப் பழக்கத்தில் சிவசங்கரனின் விரல் அந்தப் பட்டனை அழுத்தியும் விட்டது. சிவப்புக் கட்டம் போயிற்று. குன்றும் அடிவாரமும் ஒரே பச்சையாக, வழித்து மெழுகிய தரைபோல ஆயின.

அவசர அவசரமாக அதைத் திருப்பினான். கட்டம் மறுபடி வந்தது. மற்ற எல்லா இடத்திலும் சுத்தம் செய்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் தன் கையால் விலக்கி வைத்தான். கையால் மாற்றக்கூடாது என்று வள்ளியம்மாவிடம் சொன்னவன்தான். மண்மேட்டின் போட்டோவையும் அளவையும் தனிப் பக்கமாக இணைத்தான்.

“இது என்னப்பா ஒண்ணு தனியா?” என்று சீனிவாசராகவன் குனிந்து பார்த்தார். சிவசங்கரன் விஷயத்தைச் சொன்னான். “சரி, திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். அவருடைய கருணைக்கு அதுதான் எல்லை.

ஜனவரியில் நடந்த கூட்டத்தில் அதிகாரிக்குப் படம் மிகவும் பிடித்துப்போயிற்று. மாவட்டத்தில் சிவப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது, திட்டம் வெற்றி. கடைசியில் அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். இது என்ன, தூசியா?

“வீடு சார்,” என்றான் சிவசங்கரன். “போன மே மாசம் வரைக்கும்.”

அதிகாரி போட்டோவைப் பார்த்தார். நிஜமாகவே அவர் முகம் வாடியது, அவரும் மனிதர்தான். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. சேர்ந்தாற்போல ஒரு ஹெக்டேராவது சிவப்பாக இருந்தால்தான் சுவருக்கு எஸ்டிமேட் போட முடியும். ஒரு ஹெக்டேர் என்றால் நூறு கட்டம். “நூறு ஆனதும் உடனே சொல்லுங்க,” என்று சிவசங்கரனின் கையைப் பிடித்துச் சொன்னார். “நானே முதல் வேலையா எடுத்துக்கறேன்.”

மறுநாள் காலை வள்ளியம்மா மேஜை அருகில் வந்தபோது அவன் தானாகவே காலைத் தூக்கிக்கொண்டான். அவள் துடைக்கவில்லை.

“இந்த வருஷ மேப்பு வந்துட்டுதாமே சார். லவினாம்மா சொன்னாங்க. செவப்பு வந்துச்சா?”

“வந்துச்சுக்கா. உங்க வீடு செவப்பு.”

எட்டு மாசத்தில் அவள் முகம் மலர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தான். “அப்போ சொவரு?”

“ஒரு கட்டம் பத்தாதாம்க்கா. சேந்தாப்ல நூறு கட்டம் செவப்பா இருக்கணுமாம்.”

“ஒரு கட்டம்னா எம்மாம் பெருசு சார்?”

“ஏறக்குறைய ஒரு வீட்டு அளவு.”

வள்ளியம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தாள். மலர்ந்த முகம் உடனே சுருங்கிவிடவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தாள். கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, உதட்டுக்குள் பேர் சொல்லிச் சொல்லி எண்ணினாள்.

“எங்க லைன்ல மொத்தமே பதினோரு வூடுதானே சார் இருக்குது?” என்றாள்.